சித்தியின் நாலு வரி அரபி

எனக்குக் கூச்சம் என்பது பிறவியிலேயே கிடையாது. எங்கள் தோட்டத்தில் இதை ஒரு குறையாகத்தான் சொல்வார்கள். கணக்கப்பிள்ளையிடமே வாய்க்கு வாய் பேசின பிள்ளை, இதை எவன் கட்டப்போகிறானோ என்று அம்மாவிடம் வந்து அனுதாபப்படுவார்கள். ஆனால் ஒரு வெளிநாட்டுக் குழு என்னைத் தேர்ந்தெடுத்து ஊர் ஊராகக் கூட்டிப்போன கதையில் என் துணிச்சலுக்குக் கொஞ்சம்தான் பங்கு. பெரிய பங்கு என் சித்திக்கும், எங்கள் வீட்டார் எல்லாரும் ஒற்றுமையாகச் சேர்ந்து செய்த ஒரு தப்புக்கும் போய்ச் சேரும்.

இலங்கை மலைநாட்டில் பலாங்கொடைக்கு மேலே, பஸ் போய்த் திரும்புகிற கடைசித் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. சண்டை ஓய்ந்திருந்த அந்த இரண்டு மூன்று வருஷங்களில் எங்கெங்கிருந்தோ வெளிநாட்டுக்காரர்கள் வந்துபோனார்கள். நான் அப்போது ஓ.எல். சோதனை எழுதிவிட்டு வீட்டில் இருந்தேன். பதினாறு வயது. அடுத்த மாதம் என் பெயரை வேலையாள் பதிவேடான செக்ரோலில் பதிந்து கொழுந்து எடுக்க அனுப்புவதென்று அம்மா ஆபீஸில் சொல்லி வைத்துவிட்டாள். பெயர் பதிந்துவிட்டால் அப்புறம் கூடைதான், மலைதான். அம்மாவுக்கும் அதே வயதில் அப்படித்தான் ஆனது. எனக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இது வேண்டாம் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் பள்ளிக்கூட டீச்சர் ஒரு நோட்டீஸைக் கொண்டுவந்து கொடுத்தார். பல நாட்டு இளைஞர்கள் சேர்ந்த ஒரு ஆடல் பாடல் குழு டவுனுக்கு வந்திருக்கிறதாம். போகிற ஊரில் எல்லாம் மேடை போட்டு ஆடுவார்களாம், பகலில் பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ட் அடிப்பார்களாம், கிணறு இறைத்துச் சுத்தம் செய்வார்களாம், அந்தந்த ஊர்க்காரர் வீடுகளில் தங்குவார்களாம். நம் பகுதியிலிருந்து இரண்டு பேரை ஆறு மாதத்துக்குச் சேர்த்துக்கொண்டு வெளிநாடுகளுக்குக் கூட்டிப்போகப் போகிறார்கள், செலவெல்லாம் அவர்களுடையது, சனிக்கிழமை இன்டர்வியூ.

வெளிநாடு, இன்டர்வியூ. இந்த இரண்டு சொல்லும் ஒன்றாக வந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஏஜென்சி, பாஸ்போர்ட், அரபு நாடு, வீட்டு வேலை. டீச்சர் எவ்வளவோ எடுத்துச் சொன்னார். அம்மா தேத்தண்ணியை அவர் முன்னால் வைத்துவிட்டு, "ஆடுறதுக்கும் பாடுறதுக்கும் யாருங்க மிஸ் சோறு போட்டுக் கூட்டிட்டுப் போவாங்க?" என்று கேட்டாள். டீச்சர் நோட்டீஸை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

அப்பா ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றுவிட்டார். காப்பாற்றியது சித்திதான். அம்மாவின் தங்கை, முப்பது வயது, ஆறு வருஷம் குவைத்தில் இருந்துவிட்டு வந்தவள். தோட்டத்தில் அவளுக்குக் குவைத்துக்காரி என்றே பெயர். அங்கே எப்படி என்று யார் கேட்டாலும், "பெரிய வீடு, ஏஸி" என்பாள். அதற்கு மேல் கேட்டால் அடுப்பைப் பார்க்க எழுந்துபோய்விடுவாள். அவள் அப்பாவிடம், "ஆறே மாசந்தான் மச்சான். நோட்டீஸ்ல போட்டிருக்கு. நான் போயி ஆளுகளப் பாக்குறேன். சரியில்லன்னா புள்ளையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துருவேன்" என்றாள். அப்பா அவளை எதிர்த்துப் பேசமாட்டார். ஆறு வருஷம் அவள் அனுப்பியதில்தான் எங்கள் வீடு நிமிர்ந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தயாரிப்பு. ஆடல் பாடல் குழுவுக்குப் போகிற பிள்ளைக்கு என்ன தயாரிப்பு நடந்தது என்று நினைக்கிறீர்கள்? படுக்கை விரிப்பை நாலு மூலையும் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டப் பழகினேன். ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அகப்பையுமாக நின்று பழகினேன். அயன்பெட்டியைச் சட்டைக் கழுத்தில் எப்படித் திருப்ப வேண்டும், கை மடிப்பில் எப்படி அழுத்த வேண்டும் என்று சித்தி அப்பாவின் ஒரே நல்ல சட்டையை வைத்தே சொல்லித் தந்தாள். சொன்னால் தவிர உட்காராதே. கேட்டால் தவிர பேசாதே. கையைச் சும்மா வைத்துக்கொண்டு நிற்காதே, இன்டர்வியூவில் அவர்கள் கையைத்தான் பார்ப்பார்கள். கேட்டால் தவிர பேசாமலிருப்பது மட்டும் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

அதோடு நாலு வரி அரபி. "ஹாளிர் மாமா. ஸாமஹீனி மாமா. அனா மாஃபி தாபான். அனா மாஃபி ஸவ்வி."

"நடுவுல மாமா வர்றாரே, எந்த மாமா சித்தி?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரம்மாவ அங்க அப்புடித்தாண்டி கூப்புடணும்."

"மத்ததுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

"மரியாதப் பேச்சு. இது நாலும் தெரிஞ்சா எந்த வீட்டுலயும் நிப்பாட்டிக்குவாங்க. வாய மூடிக்கிட்டு மனப்பாடம் பண்ணு."

வாயை மூடிக்கொண்டு எப்படி மனப்பாடம் பண்ணுவது? அடி விழும் என்று கேட்கவில்லை. எனக்கு எதையும் ராகம் போட்டால்தான் மண்டையில் ஏறும். பெருக்கல் வாய்ப்பாட்டையே பாட்டாகப் படித்தவள் நான். கோயில் திருவிழாவில் பொம்பிளைகள் கும்மியடிக்கிற மெட்டில் அந்த நாலு வரியையும் போட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது. பீலிக்கரையில் துணி துவைக்கிறபோதெல்லாம் அதையே பாடினேன். பக்கத்து லயத்துப் பிள்ளைகளும் பாட ஆரம்பித்தார்கள்.

சனிக்கிழமை முதல் பஸ்ஸில் சித்தியும் நானும் இறங்கினோம். டவுன் பள்ளிக்கூட வராந்தாவில் ஏறிப் பார்த்தேன். பஜார் நகைக்கடைக்காரர் மகள் சலங்கையும் நெற்றிச்சுட்டியுமாகப் பரதநாட்டிய உடுப்பில் நிற்கிறாள். சிங்களப் பையன்கள் இரண்டு பேர் மேளத்தோடு வந்திருக்கிறார்கள். ஒருத்தி கிட்டார் வைத்துக்கொண்டு இங்கிலீஷில் பாடிப் பார்க்கிறாள். டீச்சர் சொன்னது அத்தனையும் உண்மை என்பது அந்த நிமிஷம்தான் எனக்கு உறைத்தது. இது ஆடல் பாடல் குழுவேதான். எனக்கு ஆடவும் தெரியாது, பாட்டும் எதுவும் தயார் இல்லை. மாதம் பிறக்க ஆறு நாள்தான் இருந்தது.

சித்தியிடம் சொன்னேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அந்த வராந்தாவை ஒரு சுற்றுப் பார்த்தாள். மூலையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் மேடை உடுப்புகளை மேசையில் குவித்துவைத்துக்கொண்டு அயன் பண்ணுவதாக நினைத்துப் பொசுக்கிக்கொண்டிருந்தான். முந்தின நாள் ஆட்டத்தில் மழையில் நனைந்த உடுப்புகளாம். கருகல் வாடை அடித்தது. சித்தி என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். நான் போய் அவன் கையிலிருந்து அயன்பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

அவன் வேண்டாம் வேண்டாம் என்று ஏதோ சொன்னான். நான் காதில் வாங்கவில்லை. ஒவ்வொருத்தராக உள்ளே கூப்பிட்டு, சலங்கை சத்தமும் மேளச் சத்தமும் கேட்டு, கைதட்டல் கேட்டு, அவர்கள் வெளியே வந்து போய்க்கொண்டிருந்தார்கள். நான் பாவாடை பாவாடையாக மடித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். சித்தி பொத்தான் அறுந்த சட்டைகளைப் பிரித்து எடுத்து, தன் கைப்பையிலிருந்து ஊசி நூலை எடுத்துத் தைக்க உட்கார்ந்துவிட்டாள். கடைசியாக என் பெயரைக் கூப்பிட வெளியே வந்த பெரிய மேடம், குழுவின் தலைவி, கதவிலேயே நின்று அந்த அடுக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உள்ளே வரும்படி கையைக் காட்டினார்.

உள்ளே மேடத்துக்குப் பக்கத்தில் குழுவில் உள்ள நாலைந்து பிள்ளைகள் வெவ்வேறு நிறத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மொழிபெயர்க்க ஒரு சிங்களப் பையன். "பய வென்ன எபா, நங்கி" என்றான். தங்கச்சி பயப்பட வேண்டாமாம். யாரிடம் சொல்கிறான்! உன்னால் என்ன செய்ய முடியும் என்று மேடம் கேட்டதை அவன் சிங்களத்தில் கேட்டான். நான் சிங்களத்தில் ஒரே மூச்சில் கொட்டினேன். சமைப்பேன், துவைப்பேன், அயன் பண்ணுவேன், பிள்ளை பார்ப்பேன், வயசானவர்களைக் குளிப்பாட்டுவேன், நாய்க்குப் பயமில்லை, வீட்டுக்குப் போன் எடுத்துத் தரச்சொல்லி அழமாட்டேன். பையனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இங்கிலீஷில் சொன்னான். மேடம் சிரிக்கவில்லை. குனிந்து எழுதிக்கொண்டார்.

"மேடையிலும் நிற்க வேண்டுமே, ஏதாவது செய்து காட்டுவாயா?"

வந்தது வினை என்று நினைத்தேன். தமிழ்ப் பாட்டு ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தலைக்குள் ஓடியதெல்லாம் ஒரு வாரமாகப் பாடிய ஒன்றுதான். நடப்பது நடக்கட்டும் என்று இடுப்பில் தாவணியைச் செருகிக்கொண்டு, குனிந்து நிமிர்ந்து, கையைத் தட்டி, சுற்றி வந்து கும்மியடித்தேன். ஹாளிர் மாமா, ஹாளிர் மாமா, ஸாமஹீனி மாமா! இரண்டாவது சுற்றில் மேசையைத் தட்டித் தாளம் போட்டார்கள். மூன்றாவது சுற்றில் கருகல் பையன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து என் பின்னால் ஆடினான். நாலாவது சுற்றில் மேடத்துக்குப் பக்கத்தில் இருந்த பிள்ளைகளும் எழுந்துவிட்டார்கள். நான் அவர்களுக்குக் கை தட்டுகிற கணக்கைக் கண்ணால் காட்டிக்கொண்டே பாடினேன். அந்த அறை முழுவதும் என் கைக்குள் இருந்தது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் எழவில்லை. சுருட்டை முடிக்காரி, ஜோர்தான் நாட்டுப் பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். அவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தபடி அழுதுகொண்டிருந்தாள். பாட்டு முடிந்ததும் எழுந்துவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். பாவம், தன் பாஷையைக் கேட்டதும் வீட்டு ஞாபகம் வந்துவிட்டது என்று நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். இவ்வளவு தூரம் வந்த இடத்தில் அரபி தெரிந்த ஒருத்தி கிடைத்தால் யாருக்குத்தான் அழுகை வராது?

பன்னிரண்டு மணிக்கு மைதானத்தில் வைத்துப் பெயர் வாசித்தார்கள். முதல் பெயர் மேளக்காரப் பையன்களில் ஒருவன். இரண்டாவது பெயர் நான். என் பெயரைக் கேட்டதும் நான் போட்ட சத்தத்தில் பள்ளிக்கூடக் கூரையிலிருந்த காகங்கள் பறந்ததாகச் சாகும் வரைக்கும் சொல்லுவேன் என்கிறாள் சித்தி. அப்படிச் சத்தம் போட்டிருந்தால்தான் என்ன? எனக்கு ஆடத் தெரியாதென்று நானே நினைத்திருந்தேன். நகைக்கடைக்காரர் மகளே வந்து கையைக் கொடுத்தாள்.

மேடம் சித்தியிடம் நடந்துவந்தார். சித்தி விறைத்து நின்று, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "குட் கேர்ள், மேடம். நோ ஸ்டீலிங்" என்றாள். மேடத்தின் முகம் எப்படியோ ஆகிவிட்டது. சித்தியின் கையைப் பிடித்துக் குலுக்கினார், அந்தப் பொத்தான்களுக்கு நன்றி என்றார். ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். சித்தி உட்காரவில்லை. மேடமும் உட்காராமல் நின்றார். கடைசியில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள்.

திரும்புகிற பஸ்ஸில் கொண்டக்டரிலிருந்து ஆரம்பித்து எல்லாரிடமும் சித்தி சொல்லிக்கொண்டு வந்தாள். லயத்துக்கு ஏறுகிற பாதையில், "என்னத்த வச்சுடி எடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"உங்க அரபிதான் சித்தி. பாட்டாப் பாடிட்டேன்."

சித்தி பாதையிலேயே நின்றுவிட்டாள். "பாடுனியா? அதையா?" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். மண் மேட்டில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள். குவைத்திலிருந்து வந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அப்பா கோழி அடித்தார். அம்மா மறுநாளே ஆபீஸுக்குப் போய் என் பெயரைப் பதிய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

என் கும்மி எங்கள் நிகழ்ச்சியில் சேர்ந்துவிட்டது. மூன்று நாடுகளில் முப்பது பேராக அதை ஆடினோம். நாலாவதாக ஜோர்தான். அங்கே சுருட்டை முடிக்காரியின் வீட்டிலேயே தங்கினேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறோம். அவளுடைய அம்மா சமையலறைப் பக்கம் திரும்பித் தண்ணீர் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண்குரல், ராகம் எதுவும் இல்லாமல், "ஹாளிர் மாமா" என்றது. செம்போடு வந்தவள் எங்கள் நாட்டுக் கேகாலைப் பக்கத்துக்காரி. சித்தியின் வயது இருக்கும். தண்ணீர் கொஞ்சம் மேசையில் சிந்தியது. "ஸாமஹீனி மாமா" என்றாள். சுருட்டை முடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டுக்கு வந்துபோன வேலைக்காரிகள் வாயிலிருந்து அந்த நாலு வரியைக் கேட்டு வளர்ந்தவள். அன்று பின்னேரம் மற்ற இரண்டு வரிக்கும் அர்த்தத்தை அவளேதான் எனக்குச் சொன்னாள். எனக்குக் களைப்பில்லை. அதை நான் செய்யவில்லை.

அந்த ஊர் நிகழ்ச்சிக்கு அந்த அக்காவையும் கூட்டிவந்து முன்வரிசையில் உட்காரவைக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். கூட்டிவந்தார்கள். நாங்கள் முப்பது பேரும் சுற்றி வந்து ஹாளிர் மாமா என்று கும்மியடித்ததும், அந்த மண்டபத்தில் முதலில் வாய்விட்டுச் சிரித்தவள் அவள்தான். சித்தி மண்மேட்டில் உட்கார்ந்து சிரித்த அதே சிரிப்பு. பலாங்கொடையில் அந்த வகுப்பறையில் பாடிய பதினாறு வயதுப் பிள்ளைக்கு இதில் ஒன்றும் தெரியாது. தான் பேசின அரபி அவ்வளவு சுத்தமான அரபி, அதனால்தான் சுருட்டை முடிக்காரி அழுகிறாள் என்று நினைத்து, அது இன்னும் பலமாகக் கையைத் தட்டியது.