இரையாத கசெற்

அரியாலையில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்தார் அந்த மனிதர். ஒடிசலான உடம்பு. எந்தக் கசெற்றைக் கொடுத்தாலும் முதலில் காதருகே வைத்து மெல்லக் குலுக்கிப் பார்ப்பார். போர்க்காலத் தடையால் ஊருக்குள் புதுக் கசெற் வராத காலம் அது. எங்களைப் பெற்ற ஐயா செத்துப்போனபின் அவரின் குரல் எங்களிடம் ஒரேயொரு கசெற்றில் இருந்தது. அதற்குப் பிரதி எடுக்கப் போனேன்.

பதிவதற்கென்று நான் கொண்டுபோன கசெற்றைக் குலுக்கிவிட்டு, "உது இரையும், தங்கச்சி. என்னட்டை இருக்கிறதிலை பதிஞ்சு தாறன்" என்றார். பதிந்து முடிந்ததும் ஐயாவின் கசெற்றை எடுத்து, அதன் முதுகிலிருந்த பிளாஸ்ரிக் பல்லை உடைத்தார்.

"இனி இதுக்கு மேலை ஒருத்தரும் பதிய ஏலாது. இது என்னட்டையே இருக்கட்டும். ரெண்டும் ஒரு வீட்டிலை இருந்தா, ஒரு ஷெல்லோடை ரெண்டும் போயிடும்."

நம்பிக் கொடுத்தேன்.

சில மாதங்களின் பின், பண்டத்தரிப்பில் ஒரு கல்யாண வீட்டில் சினிமாப் பாட்டுக் கசெற் ஓடியது. கடைசிப் பாட்டு முடிந்ததும் ஐயா இருமிவிட்டு என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். எடுத்துப் பார்த்தேன். உடைந்த பல்லின் துளைமேல், திரும்பவும் பதியக்கூடியதாக, ஒட்டுத்தாள் ஒட்டியிருந்தது.

அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன்.

"அண்ணை, ஐயாவின்ரை கசெற் எங்கை?"

"பத்திரமா இருக்கு, தங்கச்சி" என்றார், வேறொன்றைக் காதருகே குலுக்கியபடி. ஐயாவின் கசெற் என் கைப்பையில் இருந்தது.

அவர் பதிந்து தந்த பிரதியில் இன்றும் துளி இரைச்சல் இல்லை. ஐயா கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பாவியின் முகமும் கூடவே வருகிறது.