அண்ணனின் ரத்தமும் அணு உலைக் கழிவும்

எங்கள் குடும்பத்தில் வெளியே பெண் எடுக்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். நான் கட்டியது மாமாவின் மகனை. அண்ணன் கட்டியது என் கணவரின் தங்கையை. ஊரை விட்டுக் கொழும்புக்கு, வெள்ளவத்தைக்கு வந்தும் அந்தப் பிடிவாதம் போகவில்லை. அது என் உயிரோடு வந்து விளையாடும் என்று யார் கண்டது?

எனக்கு ரத்தப் புற்றுநோய். போன வருஷம் ஒருநாள் ரத்தம் குறைந்து எழுந்து நிற்கவே முடியாமல் போயிற்று. என் வகை ஓ நெகட்டிவ். அன்று பார்த்து ஆஸ்பத்திரியில் அதில் ஒரு பைகூட இல்லை. கொட்டாஞ்சேனையில் இருக்கும் அண்ணனுக்கும் அதே வகைதான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர், வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு அண்ணியோடு வந்து நின்றார். "சொந்த ரத்தம் இருக்க என்ன பயம்?" என்றார்.

அந்த இளம் டொக்டர் பிள்ளை கூடாது என்று தலையை ஆட்டினாள்.

"சொந்தக்காரரின்ர ரத்தத்தைத்தான் அப்படியே ஏத்த ஏலாது. உங்கட உடம்பு அதைத் தன்ர எண்டு நினைச்சு விட்டிடும். பிறகு அதில இருக்கிற வெள்ளை அணுக்கள் உள்ள இருந்துகொண்டே உங்களைத் தாக்கும். இதே வகையில சொந்தமில்லாத ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

என் கணவருக்கும் அண்ணிக்கும்கூட அதே வகைதான். எல்லோரும் பக்கத்தில் நின்ற என் கணவரைப் பார்த்தார்கள். "இவர் என்ர மாமான்ர மகன்," என்றேன். டொக்டர் அண்ணியைப் பார்த்தாள். "அவ இவற்ற தங்கச்சி." அவள் பேனாவை மூடி வைத்துவிட்டாள்.

"அப்ப அண்ணான்ர ரத்தத்துக்கு மெஷினில கதிர் பாய்ச்சித்தான் ஏத்தவேணும்."

அண்ணன் சும்மா இருப்பாரா? மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டார். அவளும் ஒளிக்காமல் சொன்னாள். சீசியம், அணு உலையில் எரிந்து மிஞ்சிய கழிவிலிருந்து பிரித்தெடுப்பது.

"குப்பையில எடுத்த சாமானோ? அந்தக் குப்பையாலதானே ஆக்களுக்கு இந்தப் புற்றுநோய் வருத்தமே வருது? என்ர தங்கச்சிக்கு வேண்டாம்."

எனக்கு வந்ததே கோபம். "அண்ணா, ரத்தமில்லாமல் நான் போய்ச் சேர்ந்தால் உங்களுக்குச் சரியோ?" என்று மூச்சு வாங்க வாங்கக் கேட்டேன்.

டொக்டர் பொறுமையாக விளக்கினாள். சீசியம் ரத்தத்தில் படாது. கனத்த ஈயப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். கதிர் மட்டும் பைக்குள்ளால் போய் அந்த வெள்ளை அணுக்களை அடக்கிவிடும். "மிளகாயை வெயிலில காயவைச்சு எடுத்தா, அதுக்குள்ள வெயில் இருக்குமோ, ஐயா?"

புதைத்துவிட வேண்டிய நஞ்சைக் கிளறி, இதில் ஒரு நல்லதும் கிடக்கிறது என்று பிரித்தெடுத்த மனிதரை நினைத்துப் பார்த்தேன். எந்த ஊர்ப் பிள்ளையோ, நேரத்துக்குச் சாப்பிடுகிறதோ இல்லையோ. முகம் தெரியாத அந்த ஆளில் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

அண்ணன் கையை நீட்டினார். பின்னேரம் கதிர் பாய்ச்சிய பை என் தலைமாட்டில் தொங்கியது. அது முடியும்வரை கட்டிலை விட்டு அசையவில்லை மனிதர். முடிந்ததும் நர்ஸ் மிஸ்ஸியிடம், "நாளைக்கும் எடுங்கோ," என்றார்.

"இனி நாலு மாசத்துக்குப் பிறகுதான், ஐயா."

அவர் என் பக்கம் திரும்பினார். "நாலு மாசம் இருப்பியோ?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டுவிட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்தார். அதுவரை அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"இருப்பன், அண்ணா. நீங்கள் நல்லாச் சாப்பிட்டிட்டு வாங்கோ."

நாலு மாதம் முடிந்த அன்று, ரத்தம் எடுக்கும் அறை திறக்கும் முன்னமே அவர் வாசலில் நின்றார். நானும் இருந்தேன்.