பூசணிக்காய் வேட்பாளர்

எங்கள் ஊரில் ஒமெல்கோ நிற்காத தேர்தல் கிடையாது. கிராம சபை, மாவட்ட சபை என்று ஆரம்பித்து, ஒருமுறை தலைநகர் கீவில் இருக்கும் பாராளுமன்றத்துக்கே மனுப் போட்டவர். ஏழு முறை நின்று ஏழு முறையும் மண்ணைக் கவ்வியவர். டிராக்டர் ரிப்பேர் செய்யும் மனிதருக்கு எதற்கு இந்த வேலை என்று ஊரே சிரித்தது. ஒரு தேர்தலில் நாரை வேஷம் கட்டி, காலில் சிவப்புக் காலுறையோடு மின்கம்பத்தில் ஏறி நின்று ஓட்டுக் கேட்டார். அந்த வருஷம் பத்தொன்பது ஓட்டு. அதுதான் அவருடைய உச்சம்.

வேஷம் மாறினாலும் வாக்குறுதி மட்டும் மாறவில்லை: ஆற்றுக்கு ஒரு நடைபாலம். பழைய பாலத்தின் நடுப்பகுதியை ஒரு வசந்த காலத்து வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அக்கரையில் நாற்பது வீடுகள். அவர்கள் எதற்கு இங்கே வருவதென்றாலும் ஒன்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஓட்டுச்சாவடி இக்கரைப் பள்ளியில் இருப்பதால் அவர்களில் பாதிப் பேர் ஓட்டே போடுவதில்லை. தபால்காரி தெக்லியா, அதாவது நான், அந்த ஒன்பது கிலோமீட்டரையும் சைக்கிளில் மிதிக்கிறேன். பனியில் மிதித்துப் பார்த்தால் தெரியும், நான் ஏன் எப்போதும் ஒமெல்கோவுக்கே ஓட்டுப் போட்டேன் என்று.

எட்டாவது தேர்தல், கிராமத் தலைவர் பதவிக்கு, அக்டோபர் கடைசியில் வந்தது. எதிரே மாவுமில் முதலாளி ஹோர்தி. வீட்டுக்கு ஒரு கிலோ தானியம் கொடுத்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"தெக்லியா, ஏழு தடவையும் எல்லாரும் 'ஓட்டு உனக்குத்தான்யா'ன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க. இந்தத் தடவ மூஞ்சிக்கு நேரா பதில் சொல்ல வைக்கப் போறேன்" என்றார் ஒமெல்கோ.

பூத்தையல் துண்டில் ஒரு ரொட்டியை வைத்துக்கொண்டு, பெண் கேட்டுப் போகிறவரைப் போல வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். எங்கள் பக்கம் சம்மதம் என்றால் வந்தவர் தோளில் துண்டு கட்டுவார்கள். இஷ்டமில்லை என்றால் வாயைத் திறக்க வேண்டாம், கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்தால் போதும்.

ஊருக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. "இந்தா மாப்ள, உனக்குன்னே பொறுக்கி எடுத்தேன்" என்று தையற்காரி மோத்ரியா தூக்க முடியாத பூசணியைக் கொடுத்தாள். மூன்று நாளில் ஆறு துண்டு, ஐம்பத்திரண்டு பூசணிக்காய். வண்டி நிறைந்துவிட்டது.

"மானம் போச்சு" என்றாள் அவர் மனைவி ஃப்ரோசினா.

"அட, இவ்ளோ நாள்ல இப்பதான் உண்மையச் சொல்லியிருக்காங்க. சந்தோஷப்படுவியா, அத விட்டுட்டு..." என்று ஒமெல்கோ அடுப்புக்கு விறகு தேடப் போனார்.

வெள்ளிக்கிழமை உடைந்த பாலத்தருகே அண்டா ஏற்றி, அத்தனை பூசணியையும் தினையும் பாலும் வெண்ணெயும் போட்டுக் கஞ்சி காய்ச்சினார். ஊர் மொத்தமும் வந்தது. ஹோர்தியும் வந்து இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தார். அக்கரைக்காரர்கள் வாசனை பிடித்துக்கொண்டு கரையில் வரிசையாக நின்றார்கள்.

"எங்களுக்கு இல்லையா?" என்று அங்கிருந்து ஒருவர் கத்தினார்.

ஒமெல்கோ அகப்பையைத் தூக்கிக் காட்டினார். "இருக்கு! எப்படிக் குடுக்கறது, வீசியா எறியறது?"

இக்கரையில் சிரிப்பு அடங்கிவிட்டது. ஒமெல்கோவுக்குப் பூசணி கொடுத்துவிட்டு, அதையே அவர் கையால் வாங்கித் தின்றுகொண்டு நிற்கிறோம் என்று எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். முதலில் மோத்ரியாதான் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போய்த் தன் வேலிப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். பிறகு கொட்டகைக் கதவுகள், பழைய தண்டவாளம், கயிறு என்று வந்து குவிந்தன.

சனிக்கிழமை காவலர் வந்து, "நாளைக்கு ஓட்டு, இன்னிக்கிப் பிரச்சாரம் பண்ணக் கூடாது, தெரியுமில்ல?" என்றார்.

"ஆணி அடிக்கிறது பிரச்சாரமா? அந்தச் சுத்தியல எடுங்க சார்" என்றார் ஒமெல்கோ. அவரும் எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கடைசிப் பலகை பொருந்தியது. கைப்பிடி போட நேரமில்லை. அதனால் ஒமெல்கோ ஒரு முனையிலும் ஃப்ரோசினா மறுமுனையிலும் நின்று, ஓட்டுப் போட வந்தவர்களைக் கைபிடித்துக் கடத்தினார்கள். போட்டுவிட்டு வந்தவர்களைத் திரும்பவும் கடத்தினார்கள். அக்கரையிலிருந்து எண்பத்தேழு பேர். ஒரு கிழவர் மூன்று முறை கடந்தார், சும்மா ஆசைக்கு. இரவு எட்டு மணிக்குச் சாவடியைப் பூட்டும்போதும் அவர்கள் இருவரும் பாலத்தில்தான் இருந்தார்கள்.

எண்ணி முடித்தார்கள். ஹோர்தி 144. ஒமெல்கோ 143.

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பாலத்துக்கு ஓடினேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஓட்டே போடலயா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃப்ரோசினா வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தீங்களே, அந்த அக்கரைக்காரங்கள்ல பாதிப் பேரு ஹோர்திக்குப் போட்டதா அவங்களே சொல்றாங்க! தெரியுமா?"

ஒமெல்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"யாருக்கு வேணா போடட்டும், தெக்லியா. நடந்து வந்தாங்கல்ல?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அந்த மனிதரை அங்கேயே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.