ஆகாது என்று சொன்ன ஞாயிற்றுக்கிழமை

சனிக்கிழமை வெயில் சாய்ந்ததும் என் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போவார். ஊருக்குப் பெரியதனக்காரர் அவர்தான். பழவேற்காட்டில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையிலிருந்து, அவர்கள் பேச்சைப் பெயர்த்துச் சொல்லும் துபாஷி வந்து அங்கே காத்திருப்பார். கப்பலுக்குச் சரக்கு ஏற்ற வேண்டுமானால் எங்கள் ஊர்ப் படகுகள்தான் முகத்துவாரத்தைத் தாண்டிப் போகவேண்டும். அதனால் நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்று கேட்டுப் போவது துபாஷியின் வேலை. மாமனார் உடனே வாயைத் திறந்துவிட மாட்டார். வடக்கே பார்ப்பார். ஈரமணலை அள்ளி முகர்வார். அலையில் எச்சிலைத் துப்பி அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பார். கடைசியில் சாவுச் செய்தி சொல்ல வந்தவர் போலத் தலையை ஆட்டிக்கொண்டு, "நாளைக்கு ஆவாது" என்பார்.

நான் அந்த ஊருக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து எந்தச் சனிக்கிழமையும் அவர் வாயால் "ஆவும்" என்று கேட்டதே இல்லை. என்ன கடலோ, வாரத்தில் மற்ற நாளெல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையானால் மட்டும் கெட்டுப்போகிற கடல்.

ஞாயிறு ஒல்லாந்தர்களுக்கு வேதம் ஓதும் நாள். கோட்டையில் மணி அடிப்பார்கள், கறுப்பு உடுப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய் உட்காருவார்கள். ஆனால் கப்பல் வந்து நின்றுவிட்டால் ஞாயிறும் கிடையாது ஒன்றும் கிடையாது, துணிமூட்டை ஏறியாக வேண்டும். எங்கள் ஆட்கள் அதற்குக் கண்டுபிடித்த வழிதான் இந்த "ஆவாது". மேலே பார்க்கத்தான் தண்ணீர் சாது, முகத்துவாரத்தின் அடியில் சுழித்து இழுக்கிறது என்று ஒரு காரணமும் வைத்திருந்தார்கள். அடியில் இழுக்கிறதா இல்லையா என்று எந்த ஒல்லாந்துக்காரன் முங்கிப் பார்க்கப் போகிறான்? அன்றைக்கு ஊரே கோட்டைக் கண்ணில் படாத ஏரிப்பக்கம் போய், தன் பாட்டுக்கு இறால் பிடித்துக்கொண்டு வரும். எங்கள் வீட்டிலும் அன்றைக்குத்தான் குழம்பு மணக்கும். அதனால் நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாசி மாதத்தில் ஒரு கப்பல் வந்தது. சனிக்கிழமைக்குள் எல்லா மூட்டையும் ஏறவேண்டும் என்று விரட்டினார்கள். மறுநாள்தான் கடல் "கெட்டுப்போகுமே". என் வீட்டுக்காரரும் துடுப்புப் போடப் போயிருந்தார். பொழுது இறங்கும் நேரத்தில் கடைசிப் படகு திரும்பியது, அவர் அதில் இல்லை. படகை நடத்திய தண்டேல் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"கையி மாட்டிக்கிச்சும்மா. அல தூக்கிச்சு, படகுக்கும் கப்பலுக்கும் நடுவுல வெச்சு நசுக்கிடுச்சு. மயங்கிட்டான். அவனுங்களே மேல தூக்கிக்கினானுங்க. காத்து ஏறிடுச்சு, திருப்பி எறக்க முடியல."

"எந்தக் கை?"

"வலது."

கப்பலில் ஒரு வைத்தியன் இருக்கிறானாம். விரல்கள் நொறுங்கியிருக்கின்றன, விட்டால் புரையோடும் என்று சொன்னானாம். நாளைக்குள் கரையிலிருந்து யாரும் வந்து கூட்டிப்போகாவிட்டால் அறுத்துவிடுவான் என்று தண்டேல் சொன்னார். அனுப்பம்பட்டில் எலும்பு கட்டுகிறவர் ஒருவர் இருந்தார். நெல் வண்டியின் சக்கரம் ஏறிய கைகளையெல்லாம் மூங்கில் பத்தை வைத்துக் கட்டி நேராக்கியவர். ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரரைக் கரைக்குக் கொண்டுவந்துவிட்டால், வண்டியில் போட்டு அங்கே சேர்த்துவிடலாம். துடுப்புப் போடுகிறவனுக்கு வலது கை போனால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஞாயிறு விடிந்தது. கடலைப் பார்த்தேன். அப்படி ஒரு கடலை அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. கரையில் அலை உடைகிற சத்தம்கூட இல்லை. கப்பல் தூரத்தில் அசையாமல் நின்றது. நேராக மாமனாரிடம் போனேன். வாசலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் தேடிக்கொண்டிருந்தார்.

"மாமா, கடலப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"படக எறக்கச் சொல்லுங்க."

"இன்னிக்கு ஆவாதுனு நேத்தே சொல்லிட்டேனேம்மா."

"கடல்கிட்டயா சொன்னீங்க? துபாஷிகிட்டதான சொன்னீங்க?"

அவர் தலையைத் தூக்கவில்லை. வலைக்கண்ணில் விரலை விட்டபடியே இருந்தார்.

"கோட்ட மேல ஆள் நின்னுகினு பாத்துகினே இருப்பான். ஒரு படகு தாண்டிச்சுனு வெய்யி, ஞாயித்துக்கெழம கடல் நல்லாத்தான் இருக்குதுனு ஆயிடும். அடுத்த வாரத்துலேர்ந்து ஊரே போவணும். அப்புறம் ஒரு நாளு நம்மளுதுனு இல்ல."

"உங்க புள்ள கையி போவுது மாமா."

"தெரியும். நீ ஏரிக்காரி, பசியாவரத்துலேர்ந்து வந்தவ. கடல்காரங்க பொழப்பு உனக்கு இன்னா தெரியும்?"

இதை இப்போது சொல்லும்போதும் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. ஏரியில் பிறந்தவளுக்குக் கண் இல்லையா? பெற்ற பிள்ளையின் கை கடலுக்கு நடுவே அழுகிக்கொண்டிருக்கிறது, இவர் நேற்றுச் சொன்ன பொய்க்கு இன்றைக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறார். பொய் சொல்கிறவனுக்குத் தேவைப்பட்டால் அதை விட்டுவிடவாவது தெரிந்திருக்க வேண்டும். இவர்களுக்கு அது சாமி மாதிரி ஆகிவிட்டது.

வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஏரியில் தோணி தள்ள எனக்குத் தெரியும். ஆனால் கயிற்றால் தைத்த அந்தப் பெரிய படகை அலை தாண்டிக் கொண்டுபோக ஒரு கூட்டமே வேண்டும். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுதான், "பெரியவரு ஒரு வார்த்த சொல்லட்டும்." பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அழுதுவிட்டு இறால் கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குக் கிளம்பினார்கள். அவர்கள் அழுகையையும் கூடையையும் சேர்த்து எட்டி உதைக்கலாம் போல இருந்தது.

சரி, இவர்கள் சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன் என்று பழவேற்காட்டுக்கு நடந்தேன். துபாஷி வீட்டில்தான் இருந்தார். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தலையை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, கடல் நல்லாருக்குது. எங்க மாமனாரு சொன்னது பொய்யி. அது மட்டும் இல்ல, வாராவாரம் சொல்றதே பொய்யிதான். நீங்க கோட்டையில சொல்லி ஒரு படகு அனுப்புங்க."

அவர் அதிர்ச்சியடைவார், கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் துண்டைப் பிழிந்தார்.

"இன்னாமா, எனக்குத் தெரியாதுனா நெனச்ச? நானும் இந்தத் தண்ணி குடிச்சு வளந்தவன்தான்."

"தெரிஞ்சேவா கேட்டுட்டுப் போறீங்க?"

"எனக்கும் வாரத்துல ஒரு நாள் படுக்கணும்ல? இத்தன நாளா ஆவாதுனு அவங்ககிட்ட சொன்னவன் நான்தான். இப்போ பொய்யினு போய் நின்னா, மொதல்ல உரியறது என் முதுகு. நீ வரவும் இல்ல, நான் கேக்கவும் இல்ல. வூட்டுக்குப் போ."

திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் கடல் என் பக்கத்திலேயே வந்தது. ஒரு சின்ன அலையையாவது காட்டித் தொலைக்கக் கூடாதா என்று அதையும் திட்டினேன். கடல் கெட்டிருந்தால் விதி என்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நாள் முழுக்க அது நல்லதாகவே இருந்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. கப்பல்காரனிடமும் "ஆவாது" என்று சொல்லி வைத்திருந்ததால் அவனும் தன் படகை இறக்கவில்லை. எல்லாரும் கடலைப் பார்த்தார்கள், எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.

திங்கட்கிழமை காலையில் படகு போயிற்று. திரும்பி வருவதற்குள் நான் பேசவேண்டியதையெல்லாம் மனதுக்குள் அடுக்கி வைத்துவிட்டேன். மாமனார் மார்பளவு தண்ணீரில் இறங்கிப்போய் மகனைத் தோளில் தாங்கிக் கொண்டுவந்தார். வலது கை மணிக்கட்டோடு நின்றுபோயிருந்தது. அதற்கு மேல் துணி சுற்றியிருந்தார்கள். தார் நாற்றம் அடித்தது. அவரை மணலில் உட்காரவைத்தார்கள், ஊர் சுற்றி நின்றது.

"உங்க நைனாவக் கேளுங்க" என்று ஆரம்பித்தேன். "நேத்து கடல் எப்பிடி இருந்துச்சுனு ஊருக்கு முன்னால வெச்சுக் கேளுங்க."

அவர் இடது கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். குரல் எழும்பவில்லை, நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது.

"நேத்து படகு எதுவும் எறங்கலியேமே?"

"எறங்கல" என்றேன். "ஒருத்தரும் எறக்கல. நான் எல்லார் காலுலயும் விழுந்து பாத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. கப்பல் மேலேர்ந்து கரையையே பாத்துகினு இருந்தேன். நீ அழுவுறதப் பாத்துட்டு எவனாச்சும் எறக்கிடப் போறான்னு பயந்துகினே கெடந்தேன்."

மாமனார் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். சுற்றி நின்ற ஆண்கள் என் வீட்டுக்காரரைப் பெருமையாகப் பார்த்தார்கள். ஒருவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். நான் அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் அப்படியே இருந்தது. அதைக் கொட்டுவதற்கு அந்தக் கரையில் எனக்கு ஓர் ஆள்கூட மிச்சமில்லை.