இரண்டும் இடது கை

எங்கள் தெருத் தையல்காரர் எந்தச் சிக்கலையும் தாமாகத் தீர்த்ததில்லை. தேநீர் குடிக்கப் போவார். திரும்பி வருவதற்குள் சிக்கலே சலித்துப்போய் விலகியிருக்கும். கடையின் இரும்புக் கதவு பல மாதம் பாதியில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒருநாள் பின்னோக்கி வந்த தண்ணீர் லாரி அதை இடித்தது. அன்றிலிருந்து கதவு ஒரு விரலுக்கு ஏறுகிறது.

"பார்த்தீங்களா, அவசரப்படக் கூடாது" என்றார் என்னிடம், லாரியை அவரே வரவழைத்தது போல.

ஒரே ஒரு முறைதான் அவர் முகம் வெளுத்தது. மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வெளியூரில் வாங்கிவந்த துணியில் கோட்டு. துணிக்கு ஒரு பக்கம் மினுமினுப்பு, மறுபக்கம் மங்கல். காகிதத்தில் வெட்டிய அளவைத் திருப்பிப் போடாமலே இரண்டு கைகளையும் வெட்டிவிட்டார். இரண்டும் இடது கை. மிச்சத்தில் ஒரு கைக்குட்டைகூடத் தேறாது.

மனைவி முன்பே எச்சரித்திருந்தார்: "என் தம்பி கோட்டுல சொதப்பினா, கடையிலேயே குடித்தனம் வச்சுக்குங்க."

தையல்காரர் ஓர் இடது கையைப் பொருத்தினார். மற்றதை இழுப்பறையில் ஒளித்தார். தேநீர் குடிக்கப் போனார்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாப்பிள்ளை அக்காவோடு வந்தார். வலது கையில் தோள்வரை மாவுக்கட்டு. குளியலறையில் சோப்பை மிதித்திருக்கிறார்.

"அத்தான், இந்தக் கட்டோட கோட்டுக் கை எப்படி நுழையும்?"

"வலது கையா? நிச்சயமா வலதுதானா?" அந்தக் குரலில் துக்கம் இல்லை.

"உடைஞ்சது எனக்கு. எனக்குத் தெரியாதா?"

"அதான் மச்சான், வலது கையை வைக்கவே இல்லை. மனசுல ஏதோ பட்டுச்சு."

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்தில் ஒற்றைக் கைக் கோட்டைப் பார்த்தவர்கள் புதுப் பாணி என்றார்கள்.

கட்டுப் பிரித்ததும் மாப்பிள்ளை மறு கைக்காக வந்து நின்றார். தையல்காரர் செருப்பைத் தேடினார். அதற்குள் மாப்பிள்ளை கோட்டை மாட்டிப் பார்த்தார். மாமியார் வீட்டு விருந்து வேலையைக் காட்டியிருந்தது. பொத்தானும் துளையும் கிட்டவே வரவில்லை.

"விடுங்க அத்தான், இனி இது எதுக்கு?"

பிறகு ஒருநாள் மனைவி கத்தரிக்கோல் தேடி இழுப்பறையைத் திறந்தார். ஒளித்து வைத்திருந்த கோட்டுக் கையைத் தன் வலது கையில் வைத்துப் பார்த்தார். இடது கையில் வைத்துப் பார்த்தார். சிரிப்பு முந்திக்கொண்டது, கோபத்துக்கு இடம் கிடைக்கவில்லை.

"சரி, வீட்டுக்கே வாங்க. ஆனா என் தங்கச்சிக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அவளுக்கு நீங்க எதுவும் தைக்க வேண்டாம். அவ கைகாலாவது முழுசா இருக்கட்டும்."

அவர் தேநீர் குடிக்கப் போனார்.