கூப்பிடுகிறவர் காதுக்கு மட்டும்

செய்தி வந்தபோது மாலை மணி நான்கு இருபது. பல்லாவரம் ரேடியல் ரோட்டில் ரீங்காரம் மொபைல் அலுவலகத்தில் உட்கார்ந்து, ஜான்சி அந்த நிறுவனத்தின் வரலாற்றைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ‘2011இல் ஊழியர் ஒருவர் தன்னிச்சையாகச் செய்த தவறால்’ என்பது வரை வந்திருந்தாள். அந்த ஊழியர் அவளுடைய சொந்த அண்ணன் ஆல்வின்.

போனில் ஆல்வினோடு வேலை பார்க்கும் ஜெபகுமார்.

“அக்கா, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்ல அண்ணன் விழுந்துட்டாரு. நெஞ்சப் புடிச்சுகினு பெஞ்சுல உக்காந்தாரு. அப்புறம் எழுந்திருக்கவே இல்லக்கா.”

ஆல்வினைப் பற்றிச் சொல்வதென்றால் 2003இலிருந்து தொடங்க வேண்டும். மேற்கு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஒரே அறை. அதுதான் ரீங்காரம். அரிகிருஷ்ணன் முதல் போட்டார். ஆல்வின் தன் காதைப் போட்டான். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவன். புதுப்படப் பாட்டை ரேடியோவில் இரண்டு முறை கேட்டால் போதும், மறுநாள் காலைக்குள் அதைச் செல்போனின் கீச்சுக் குரலுக்குள் அடக்கி ரிங்டோனாக்கிவிடுவான். பி.காம் முடித்த கையோடு ஜான்சியும் அங்கே சேர்ந்தாள். அண்ணன் செய்யும் டோன்களுக்கு எண் கொடுத்து அடுக்குவது அவள் வேலை.

பிறகு காலர் டியூன் வந்தது. கூப்பிடுகிறவர்கள் மணிச்சத்தத்துக்குப் பதிலாகப் பாட்டைக் கேட்பார்கள். போனுக்குச் சொந்தக்காரர் காதில் மட்டும் அது விழாது. பிடித்த பாட்டு வேண்டுமென்றால் எண் ஒன்றை அழுத்த வேண்டும். அதற்கான சர்வரை ஆல்வின் தனியாளாகக் கட்டினான். ரீங்காரம் மாடி அறையிலிருந்து ரேடியல் ரோட்டுக்குக் குடிபோனது அந்தச் சர்வரின் தயவில்தான்.

2011இல், எதையும் அழுத்தாதவர்களின் போன்களிலும் பாட்டு ஒலித்தது. மாதம் முப்பது ரூபாய் பிடித்தார்கள். புகார்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. “எங்களுக்கே தெரியாமல் ஆல்வின் என்ற ஊழியர் மாற்றிவிட்டார்” என்று அரிகிருஷ்ணன் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அன்றே ஆல்வினை வெளியே அனுப்பினார். ஆல்வின் வாய் திறக்கவில்லை. “நீயா பண்ணே?” என்று ஜான்சி கேட்டதற்கு, “மொதல்ல சாப்பிடு” என்றான்.

பேப்பரில் பேர் வந்தவனை எந்தக் கம்பெனியும் சேர்க்கவில்லை. பதின்மூன்று வருடம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் கீப்பராக இருந்தான். சர்ச்சில் கீபோர்டைத் தானாகவே விட்டுவிட்டான். செம்பாக்கம் ஏரிக்கரை டீக்கடைக்குத் தினமும் வரும் லோகு அவனைப் பார்க்கும்போதெல்லாம் விடமாட்டான்.

“இன்னா ஆல்வினு, என் போன்ல நீ போட்ட பாட்டு நல்லாத்தான் கீதாம். ஆனா அந்த முப்பது ரூபா எப்போ வரும்?”

ஆல்வின் சிரித்துவிட்டுக் கிளாஸை வைத்துவிட்டுப் போவான். பாதி டீ கிளாஸிலேயே இருக்கும்.

அடக்கத்துக்கு அரிகிருஷ்ணன் ஆளுயர மாலையோடு வந்தார். “நல்ல பையன்மா. ஒரு தடவ சறுக்கிட்டான், அவ்ளோதான்” என்றார். செருப்பை மாட்டும்போது குரலைத் தாழ்த்தினார். “பெங்களூர் பார்ட்டி அடுத்த வெள்ளிக்கெழம வர்றாங்க. கம்பெனிய வாங்கப் போறாங்க. அந்த ஹிஸ்டரி பேஜ அதுக்குள்ள முடிச்சுடு. 2011 மேட்டர் தெளிவா இருக்கணும், அவங்க அதத்தான் நோண்டுவாங்க.”

புதன்கிழமை ஜான்சி வேலைக்குப் போனாள். வரலாற்றுக்குத் தேதி சரிபார்க்கப் பழைய சர்வரைத் திறந்தாள். புதிய குரல் பதிவுகளை அந்தக் காலத்தில் ஒரு பதிவு எண்ணுக்குப் போன் போட்டுப் பேசித்தான் சேமிப்பார்கள். அந்தக் கோப்புகளுக்கு நடுவில், 2011 மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், இருபது விநாடிக்கு ஒன்று இருந்தது. அரிகிருஷ்ணனின் குரல்.

“ஆல்வின், சர்ச்ல இருக்கியா? போன் எடுக்க மாட்டேங்கற, அதான் இதுல சொல்றேன். ஒன்ன அமுக்குனவனுக்கு மட்டும் இல்ல, அமுக்காதவனுக்கும் பாட்டப் போட்டு வுடு. எவன் கேக்கப் போறான்? முடியாதுன்னு ஆரம்பிக்காத. உன் தங்கச்சியும் இங்கதான் வேல பாக்குது, ஞாபகம் வெச்சுக்கோ.”

மூன்று முறை கேட்டாள். அழுகை வரவில்லை. அந்த ‘மொதல்ல சாப்பிடு’க்குப் பதின்மூன்று வருடம் கழித்துப் பொருள் விளங்கியது. இவ்வளவு நாளும் அவள் தின்ற சோற்றுக்கு அண்ணன் விலை கொடுத்திருந்தான். அரிகிருஷ்ணனின் அறைப் பக்கம் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால் அவர் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். சிரிக்கட்டும் என்று நினைத்தாள்.

2011 கலாட்டாவுக்குப் பிறகு, வாடிக்கையாளர் இரண்டு முறை சம்மதம் சொல்லாமல் எந்த எண்ணிலும் பாட்டு ஏறாது. பாட்டை ஏற்றிச் சோதித்துப் பார்க்க நிறுவனம் ஒதுக்கியிருந்த சொந்த எண்களுக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாடு இல்லை. அந்தப் பட்டியலில் முதல் எண் அரிகிருஷ்ணனுடையது. வியாழக்கிழமை மாலை ஜான்சிக்கு வேலை நான்கு கிளிக்கில் முடிந்தது.

வெள்ளிக்கிழமை காலை ரிசப்ஷனில் இருக்கும் துர்கா போனைக் காதில் வைத்தபடி ஓடிவந்தாள்.

“அக்கா, இன்னாக்கா இது? சாரு போன்ல சாரே பேசிகினு கீறாரு!”

“அப்படியா? ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்.”

பதினொரு மணிக்குள் அலுவலகத்தில் அத்தனை பேருக்கும் அவரிடம் ஏதோ அவசரமாகக் கேட்க வேண்டியிருந்தது. “என்னய்யா?” என்பார். “சும்மா சார், கை பட்டுடுச்சு” என்பார்கள். பெங்களூர்க்காரர்கள் விமான நிலையத்திலிருந்து இரண்டு முறை வழி கேட்டுக் கூப்பிட்டார்கள். மூன்றாவது முறை கூப்பிட்டவர்கள் வழி கேட்கவில்லை.

கடைசியில் அவருடைய மகள் சினேகாதான், “அப்பா, உங்க போன்ல ஓடறத நீங்க கேட்டிருக்கீங்களா?” என்றாள்.

அரிகிருஷ்ணன் ஜான்சியின் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

“எடு அத. இப்பவே எடு.”

“எத சார்?”

“வெளையாடாத. நீ பண்ணதுதான?”

“நான்தான் சார். என் லாகின்லயே பண்ணேன். அடுத்தவங்க பேர்ல பண்ற பழக்கம் எங்க வீட்ல இல்ல.”

வேறு யாரையாவது விட்டு எடுத்துவிடலாம் என்றும் இல்லை. அந்தப் பழைய சர்வரை அறிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவனைப் புதைத்து ஒரு வாரமாகியிருந்தது.

“அவங்க ரேடியல் ரோடு வரைக்கும் வந்துட்டுக் கார நிறுத்திட்டாங்க. என்னதான் வேணும் உனக்கு?”

“அவங்களுக்கு ஒரு மெயில் போடுங்க. உத்தரவு உங்களோடது, ஆல்வின் இஷ்டத்துக்குப் பண்ணலன்னு. அதத்தான் ஹிஸ்டரி பேஜ்லயும் போடுவேன்.”

“போடலன்னா?”

ஜான்சி கீபோர்டை இழுத்துப் புகார்ப் பக்கத்தைத் திறந்து அவர் எண்ணைத் தட்டினாள். “தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் சார். தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. எழுபத்திரண்டு மணி நேரத்தில் நடவடிக்கை எடுக்கப்படும்.”

2011இல் போன் செய்து அழுதும் திட்டியும் பேசியவர்களிடம் சொல்வதற்காக அவரே எழுதிக்கொடுத்த வாசகம் அது. அவருக்கு அது அடையாளம் தெரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து மெயிலை எழுதினார். முதலில் ‘அந்த ஊழியர்’ என்று எழுதினார். “பேர் இருக்கு சார் அவருக்கு” என்றாள் ஜான்சி. பெயரை எழுதி அனுப்பினார். வந்தவர்கள் அங்கிருந்தே திரும்பிப் போனார்கள். அன்று மாலையே ரீங்காரத்தின் இணையப் பக்கத்தில் வரலாறு ஏறியது. முதல் ரிங்டோனும் காலர் டியூன் சர்வரும் ஆல்வின் செய்தவை என்றும், 2011இன் உத்தரவு யாருடையது என்றும் அதில் இருந்தது.

“இப்பவாவது எடுப்பியா?” என்றார் அரிகிருஷ்ணன்.

“வரிசைல இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு ஜான்சி பையை எடுத்துக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை.

இது நடந்து மூன்று வாரமாகிறது. புகார்ப் பட்டியலில், ‘கேட்காமல் சேர்க்கப்பட்டது, நீக்க வேண்டும்’ என்ற அரிகிருஷ்ணனின் மனுவுக்கு எதிரே ‘பரிசீலனையில்’ என்றுதான் இருக்கிறது.