பேசுதல் என்னும் வினை

அந்தத் தோட்டத்தில் எங்களை எவரும் விரும்பி வரவேற்றதில்லை. சனிக்கிழமைதோறும் பதுளையில் பேருந்தேறி, கடைசித் தரிப்பில் இறங்கி, தேயிலை மலையினூடே தொழிலாளர் வீடுகளான லயங்களை நோக்கி நடப்போம். குழாயடியில் நிற்கும் பெண்கள் எங்கள் செவிக்கு எட்டும் தொலைவு வரும்வரை பொறுத்திருந்தே வாய் திறப்பார்கள்.

"பைத்தியக்கார பஸ்ஸு வந்திருச்சு. யாருக்கு மண்ட சரியில்லையோ போயி ஏறிக்கோங்க."

"இந்த டீச்சருக்கு ஸ்கூல்ல வேல பத்தாது போல. லீவு நாள்ல நம்ம மண்டைய தொறந்து பாக்க வந்துடுறாங்க."

"உள்ள என்னா இருக்குனு பாத்து சொல்லுங்க டீச்சர். கொழுந்துதான் இருக்கும்."

நாங்கள் மருத்துவர் அல்லோம். உயிரை விட முயன்று மீண்டவர்களைத் தனிமையில் விடாது அவர்களோடு சற்று நேரம் அமர்ந்திருப்பதும், மருத்துவமனைக்குச் செல்லும் நாளில் துணை போவதுமே எங்கள் சிறு குழுவின் வேலை. இத்துணை எளிய வேலைக்கு அத்துணை பகை. என் உள்ளத்திலும் பகை இருந்தது, மறைப்பானேன்? ஒருத்தியின் துயருக்கு 'நடிப்பு' என்றும் 'கொழுப்பு' என்றும் பெயர் சூட்டிய வாய்களை நான் இன்றளவும் மன்னிக்கவில்லை.

அங்கே நான் பார்க்கச் சென்றவள் கொழுந்து பறிப்பவள். முப்பது வயதை எட்டாதவள். மழைக்காலத்தில் மருத்துவமனையிலிருந்து பிழைத்து வந்தவளை வீடு அடிக்கவில்லை, வெளியே தள்ளவுமில்லை. அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டது. கணவன் சுவரைப் பார்த்துத் தேநீர் கேட்டான். மாமியார் பூனையிடம் குறை சொன்னார். மலையிலோ, அவளுக்கு இருமருங்கும் ஒவ்வொரு நிரையை ஆளின்றி விட்டுவிட்டுத்தான் மற்றவர்கள் கொழுந்து பறித்தார்கள். கங்காணி அதைக் கண்டும் காணாதவராக இருந்தார். தம் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் மருமகளின் செய்தி அறிந்து திரும்பிப் போய்விட்டார்கள் என்பது மாமியாரின் வழக்கு.

ஒரு சனிக்கிழமை அவள் என்னிடம் சொன்னாள்: "திட்டுனாக்கூட தேவல டீச்சர். நான் இருக்கேன்னாச்சும் தெரியும். அன்னிக்கே போயிருந்தா வீடு எப்புடி இருந்திருக்குமோ, அப்புடித்தான் இப்பவும் இருக்கு."

அந்த நினைப்பு மறுபடியும் வருகிறதா என்று நேராகவே கேட்டேன். எங்கள் பயிற்சியில் நான் மதித்து ஏற்றுக்கொண்ட விதி அது ஒன்றே. கேட்பதால் நினைப்பு பிறப்பதில்லை. கேளாதிருந்தால் அது தனியே கிடந்து வளரும்.

"வருதுங்க," என்றாள்.

அன்றே மருத்துவமனையின் உளவளத்துணை அலுவலரை, அவளை நேரில் வந்து பார்க்கும்படி வற்புறுத்தினேன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து புதிதாக நியமனம் பெற்று வந்த இளைஞர். மறுவாரம் எங்களோடு வந்தார். மாமியார் வாயிற்படியில் நின்றிருக்க, நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டு, கனிந்த குரலிலேயே வினவினார்.

"இப்ப நித்திரை வருதோ?"

"கொஞ்சம் வருது சார்."

"சாப்பாடு?"

"போடுறாங்க சார்."

"வீட்டிலை ஆரும் பேசுறவையோ?"

அவள் தலை நிமிர்ந்தாள். அவ்வீட்டினுள் வைத்து ஒருவரும் கேளாத கேள்வி அது.

"யாரும் பேசுறதில்ல சார்."

"அது நல்லது," என்றார் அவர். "பேசாமல் விட்டாலே பாதி வருத்தம் மாறிடும்."

அவள் மெல்லத் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

என் தந்தை யாழ்ப்பாணத்தார். நான் பதுளையில் பிறந்து வளர்ந்தவள். ஆகையால் நிகழ்ந்த கொடுமை அந்த அறையில் எனக்கு மட்டுமே புலப்பட்டது. யாழ்ப்பாணத்தார் வாயில் பேசுதல் என்றால் ஏசுதல். உரையாடுவதை அவர்கள் கதைத்தல் என்பார்கள். தோட்டத்தில் பேசுதல் என்றால் உரையாடுதலே. யாரேனும் ஏசுகிறார்களா என்று அவர் கேட்டார். தன்னோடு ஒருவரும் உரையாடுவதில்லை என்று அவள் முறையிட்டாள். அதற்குத்தான் 'நல்லது' என்ற விடை கிடைத்தது.

அலுவலர் எழுந்துவிட்டார். "நல்ல முன்னேற்றம் ரீச்சர். இனிக் கிளினிக்குக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா வந்தால் காணும்."

வாயிலை மறித்து நின்றேன். "வீட்டிலை ஒருத்தரும் தன்னோடை கதைக்கிறேல்லை எண்டுதான் அவ சொன்னவ, தம்பி. நீங்கள் அதை நல்லது எண்டு சொல்லிப்போட்டியள்."

"நான் கேட்டது விளங்கித்தானே பதில் சொன்னவ? ஒரு சொல்லைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ ரீச்சர்."

"அவவுக்கும் பிடிக்க வேறை ஒண்டும் இல்லை."

அவர் முகம் சிவந்தது. நான் அவரை விட்டு அவளிடம் திரும்பினேன். "வீட்டுல யாராச்சும் ஒங்ககிட்ட ஒரு வார்த்த பேசுறாங்களாம்மா?"

அவள் விடை சொல்லுமுன் மாமியார் படி தாண்டி உள்ளே வந்தார்.

"இவகிட்ட என்னாத்த பேசுறது டீச்சர்?" என்று என்னிடம் தொடங்கியவர், பூனையையோ சுவரையோ தேடாமல் நேரே மருமகள்மீது பாய்ந்தார். "ஏண்டி, நான் ஒங்கிட்ட பேசலன்னு டவுனு முழுக்க சொல்லி வச்சிருக்கியா? அன்னிக்கு ஒன்ன தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனது யாருடி?"

"நீங்கதான்," என்றாள் அவள். "ஓடிட்டு வந்து ஏன் வாய மூடிக்கிட்டீங்க?"

லயத்தில் அவள் குரல் உயர்ந்து கேட்டு நெடுநாளாகியிருந்தது.

"எதுத்தா பேசுற?"

"நீங்க பேசுனா நானும் பேசுவேன்."

"என் வயிறு எரிஞ்சிச்சுடி. பயத்துல நாக்கு ஒட்டிக்கிச்சு. என்னாத்த பேசி தொலைக்கிறது?"

"அத சொல்லியிருக்கலாம்ல?"

மாமியார் வேறு பழைய குறையொன்றை எடுத்துக்கொண்டு மறுபடி தொடங்கினார். அலுவலர் நாற்காலியில் மீண்டும் அமர்ந்தார். இருவர் மூச்சும் ஓயும்வரை காத்திருந்து, இம்முறை என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அந்த நினைப்பைப் பற்றி அவளிடம் நேராகக் கேட்டார். அவளும் ஒளிக்காமல் சொன்னாள். கேட்டு நின்ற மாமியார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மூன்று மாதத் தவணை அங்கேயே அடுத்த வாரமாயிற்று.

நாங்கள் இறங்கும்போது சண்டை மறுபடியும் மூண்டிருந்தது. "வந்தாங்க, மூட்டி வுட்டுட்டு போறாங்க," என்றாள் குழாயடியில் ஒருத்தி.

"இப்ப பேசுறாதானே, ரீச்சர்," என்றார் அலுவலர். எந்தப் பொருளில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் கிளினிக் நாளில் பதுளைத் தரிப்பில் நான் காத்திருந்தேன். பேருந்து நிற்குமுன்பே மாமியாரின் குரல் கேட்டது. காலையில் குளிரங்கி எடுத்துக்கொள்ளாததற்காக மருமகளை ஊரறிய ஏசிக்கொண்டே வந்தார். குளிரங்கி மாமியாரின் கையில் இருந்தது.